கரையில் சொல்லும் பெயர்

எங்கள் கடற்கரையில் மீனோடு வந்து இறங்குகிறவரிடம் "எங்க பிடிச்சீரு?" என்று கேட்டால், பதில் பொய்யாகத்தான் இருக்கும். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்குப் பார் என்று பெயர். தன் பாரை மறைத்து வேறொன்றைச் சொல்வது கன்னியாகுமரி மீனவனுக்குப் பாவக் கணக்கில் சேராது. கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நாங்கள் அதைச் சொன்னதில்லை. அப்பா எங்களை அப்படித்தான் வளர்த்தார்.

நான் துபாயில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். இந்தக் குளிர்காலத்தில் சத்வாவை ஒட்டிய ஒரு வில்லாவில் டியூட்டி. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். மகள் வந்து ஊருக்கு அழைத்துப் போகும்வரை நான்தான் துணை. கேலிக் என்னும் தங்கள் பழைய மொழியில் ஊர் ஏரிகளின் பெயர்களை எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். லோஹ் டூ, கறுப்பு ஏரி. லோஹ் நன் இயன், பறவைகளின் ஏரி. லோஹன் ஊவன்யா, பச்சை நிறச் சிறு குளம்.

"கறுப்பு, பச்சைன்னு பெயிண்ட் கடை மாதிரி இருக்கே சார்" என்பேன். சிரிப்பார். கண்ணால் பார்த்ததைப் பெயராக வைத்தார்கள், அதில் பொய் கிடையாது என்பார்.

ஒரு மாலை, வரைபடத்தில் இல்லாத ஒரு குளத்தைப் பற்றிச் சொன்னார். மீன் நிறைந்த குளம். அவருடைய அப்பா அவருக்கு மட்டும் காட்டியது. அதன் பெயரையும், எந்த மலைக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும், மகளுக்குக்கூடச் சொல்லாததை, எனக்குச் சொன்னார். பிறகு கேட்டார்: "உன் அப்பாவின் மீன்பிடி இடத்துக்கு என்ன பெயர்? என்ன அர்த்தம்?"

நான் யோசிக்கவே இல்லை. "கல்யாணப்பார்" என்றேன். அப்படி ஒரு பாரே கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் போல இரண்டு பாறைகள் என்று அர்த்தத்தையும் கூடவே உண்டாக்கிக் கொடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியாத மனிதர் எங்கள் கடலில் வந்து வலை போடவா போகிறார்? எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

ராஸ் அல் கைமாவில் ஓர் அரபியின் படகில் வேலை செய்யும் அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொள்ளாம் பிள்ள, நீ அப்பாவுக்க மவளாக்கும்" என்று மெச்சினான்.

நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் மகள் வந்துவிட்டாள். போன வாரம் விமான நிலையத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "என் அப்பாவின் குளத்தை இவளுக்குக் கொடுத்தேன். இவள் தன் அப்பாவின் கடலை எனக்குக் கொடுத்தாள்." மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். கூசிப்போய் நின்றேன்.

"கல்யாணா பார். சரியாகச் சொல்கிறேனா?" என்று கேட்டார்.

உண்மையான பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"கல்யாணா இல்ல சார், கல்யாண" என்று திருத்தினேன்.