டை பிரேக்கரில் போட்ட ஒரு கோல்

1. எனக்குக் கிடைத்த வேல்ஸ்காரர்

கால்பந்தாட்டப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வெளிநாட்டு கிளப்புகளுக்குக் கொடுப்பது எங்கள் ஆபீஸின் வேலை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மாடியில் இருந்தது. சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு வேல்ஸ் நாட்டு ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தார்கள். பல வருடமாக ஒரே கிளப்பில் ஆடுகிறவர். பழைய மேட்ச் ஷீட்டுகளைப் பார்த்து அவர் அடித்த ஒவ்வொரு கோலையும் என்ட்ரி போட வேண்டும். மாதக்கணக்கில் அதே வேலை. அவரோடுதான் எனக்குக் குடித்தனம் என்று வீட்டில் கேலி பேசினார்கள்.

மொத்தம் பார்த்தபோது கிளப்புக்காக அதிக கோல் அடித்த பழைய சாதனையைத் தொட்டு நின்றார். இன்னும் ஒன்று அடித்தால் சாதனை அவருடையது. டீம் லீட் மஞ்சுளா மேடம் கணக்கை அனுப்பினார். சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் முதல் கோல் அடித்ததும் பேனர் விரிக்கப்போவதாக கிளப்பிலிருந்து பதில் வந்தது. என் ப்ரொபேஷன் முடிய அப்போது பத்து நாள் பாக்கி.

2. மர்பி டவுன் ரூல்

அந்தச் சனிக்கிழமை காலை மர்பி டவுனில் எங்கள் ஏரியா டோர்னமென்ட் ஃபைனல். என் அண்ணன் சேகர் ஆடினார். ஆட்டம் டிரா ஆகி, இரண்டு டீமும் மாறி மாறி பெனால்டி அடிக்கும் டை பிரேக்கரில் அண்ணன் ஒரு கோல் போட்டார். எங்கள் பக்கத்தில் அதையும் ஆட்டக்காரரின் கணக்கில் சேர்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் பெஸ்ட் ஸ்கோரர் கப் அண்ணனுக்குத்தான். வெளியிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி மறுத்துவிட்டார்.

"டை பிரேக்கர் யாரு ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்றதுக்குத்தான்பா. உன் கணக்குல சேராது. எல்லா ஊர்லயும் அதான் ரூல்."

அண்ணனுக்குக் கோபம். எனக்கோ ஆபீஸ் நினைப்பு. ஒரு கப் ஆட்டத்தின் ஷீட்டில், டை பிரேக்கர் பகுதியில் வேல்ஸ்காரர் பெயரைப் பார்த்து நான் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ட்ரெயினிங்கில் இதைச் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரியாத ஃபுட்பாலா என்ற திமிரில் நான்தான் காதில் வாங்கவில்லை.

அண்ணனுக்கு ஆறுதல் சொல்லக்கூட நிற்காமல் ஆபீஸுக்கு ஆட்டோ பிடித்தேன்.

3. விரியாத பேனர்

மேடம் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. எல்லா கப் ஷீட்டுகளையும் மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த ஒன்றுதான் தப்பு.

"மெயில்ல நம்ம தப்புன்னே எழுதும்மா. சிஸ்டம் கிஸ்டம்னு சாக்கு சொல்லாத" என்றார்.

கணக்கில் ஒன்று குறைகிறது, சாதனைக்கு இன்னும் இரண்டு கோல் வேண்டும் என்று எழுதினேன். ஆட்டம் ஆரம்பிக்கும்வரை பதில் இல்லை. ஆபீஸ் ஸ்கிரீனில் பார்த்தோம். முதல் பாதியிலேயே வேல்ஸ்காரர் ஒன்று அடித்தார். பேனர் விரியவில்லை. மெயிலைப் படித்திருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உயிரே போனது. நான் கழித்தது தப்பாக இருந்தால், ஒரு மனிதருடைய வாழ்நாள் கோலை யாரும் கொண்டாடாமல் போக நானல்லவா காரணம்?

கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி இன்னொன்று போட்டார். பேனர் விரிந்தது. சிறிது நேரத்தில் பதிலும் வந்தது. கிளப்பில் ஒரு பெரியவர் கையால் எழுதிவரும் நோட்டில் ஆரம்பத்திலிருந்தே எங்கள் கணக்கைவிட ஒன்று குறைவாம். அதை யாரும் பொருட்படுத்தவில்லையாம். நான் மேஜையில் தலை வைத்து அழுதேன். மேடம் பேக்கரியிலிருந்து பன் வரவழைத்தார். காலையிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் தெரிந்தது.

வேலை நிரந்தரமானது. புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தெரியாததை எப்படியும் கேட்டுவிடுவீர்கள், தெரிந்ததையும் ஒருமுறை கேளுங்கள்.

அந்த ரெஃப்ரியை அண்ணன் இன்றைக்கும் திட்டுகிறார். கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்த அன்று பிரேசர் டவுனில் ஒரு சின்ன கப் வாங்கி, அண்ணன் பெயர் பொறித்துக் கொடுத்தேன்.

"டை பிரேக்கர் கோலையும் சேத்துதானே?" என்று கேட்டார்.

"சேத்துதாண்ணா" என்றேன்.