சரி என்றால் போதாது

ரயில் நிலையத்தில் அவளுக்கு 'திருப்பிச்சொல்லு' என்று பட்டப்பெயர். நிலைய அதிகாரியாக வந்த நாள் முதல், தான் சொன்னதைக் கேட்டவர் வாயால் அப்படியே திரும்பக் கேட்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. விதியும் அதுதான். வெறும் 'சரி' அவளிடம் செல்லாது. "உப்பு வாங்கிட்டு வான்னாக்கூட ஒப்பிக்கணும்," என்று கணவர் கிண்டல் செய்வார். அவள் சிரித்துக்கொள்வாள், ஒப்பித்த பிறகுதான் பையைக் கொடுப்பாள்.

அன்று காலை மழை கண்ணை மறைத்தது. வளைவுக்கு அப்பால் இரண்டாவது பாதையில் தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களுக்கு அவளுடைய அண்ணன்தான் மேஸ்திரி. பக்கத்துப் பாதையில், அதாவது முதல் பாதையில், பயணிகள் வண்டி ஒன்று நிலையத்தில் சிக்னலுக்காக நின்றது.

அவள் வாக்கி டாக்கியை எடுத்தாள். "அண்ணே, ஒண்ணாம் லைன்ல வண்டி விடறேன். அங்க ஆள், சாமான் எதுவும் இல்லையே?"

"சரி, சரி. விடு."

"திருப்பிச் சொல்லுண்ணே."

"தொப்பலா நனைஞ்சு நிக்கிறோம், நீ பாடம் ஒப்பிக்கச் சொல்ற. சரின்னா சரிதான்."

வண்டி ஹாரன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்: "என்னம்மா, இன்னுமா விடலை?"

அவள் விரல் சிக்னல் பொத்தான் வரை போய்த் திரும்பியது. அண்ணன் பொய் சொல்லமாட்டார். ஆனால் அவர் எதற்குச் 'சரி' என்றார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லாம வண்டி நகராதுண்ணே."

"பிடிச்ச பிடியை விடமாட்டியே. கேட்டுக்கோ. ரெண்டாம் லைன்ல வண்டி விடற. ரெண்டாம் லைன்ல ஆள், சாமான் எதுவும் இல்ல. போதுமா?"

"ரெண்டாம் லைன் இல்லண்ணே. ஒண்ணாம் லைன்."

மழைச் சத்தத்துக்கு நடுவே வேறு யாரையோ அதட்டும் அண்ணன் குரல்: "எழுந்திருங்கடா. ஜாக்கியைத் தூக்கு, சீக்கிரம்."

தங்கள் வேலை முடிந்ததால் வண்டி தங்கள் பாதையில்தான் வரும் என்று நினைத்து, எல்லாரையும் முதல் பாதையில் உட்காரவைத்திருந்தார்.

கடைசியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஒண்ணாம் லைன்ல வண்டி விடற. ஒண்ணாம் லைன்ல ஆள் இல்ல. சாமான் இல்ல."

அவள் பொத்தானை அழுத்தினாள். வண்டி வளைவைக் கடந்து போனது.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. அண்ணி வரச் சொன்னா," என்றார்.

"சரிண்ணே."

"திருப்பிச் சொல்லு," என்றார் அண்ணன்.