தட்டிக்கு அந்தப்பக்கமும் கேட்கும்

ரியூட்டரியில் ரியூஷனுக்கு இலக்கியம் படிப்பிக்கிறவனுக்கு எப்போதும் இரண்டு வகுப்பு: ஒன்று கண்ணுக்கு முன்னால், மற்றது பலகைத் தட்டிக்கு அந்தப்பக்கம். இதே தொழிலில் தொண்டை வறளும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ரியூட்டரி மேல்மாடி. இந்தப்பக்கம் நான், உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பழைய ஐரோப்பிய நாவல் படிப்பிக்கிறேன். இன்னொருவனுக்கு நிச்சயமான பெண்ணை விரும்பி, பெரிய மனிதர் சபையிலும் ஒட்டாமல், அந்தத் துயரத்தையெல்லாம் நண்பனுக்குக் கடிதம் கடிதமாக எழுதும் இளைஞனின் கதை. அந்தப்பக்கம் புவியியல், தர்ஷினி மிஸ்.

என் குரல் சின்னது. முதல் வரிசை வாங்குக்கே கேட்காது என்பார்கள். மிஸ் வரும் நாட்களில் மட்டும் கடைசி வாங்குக்கும் கேட்டது. இரண்டு வருடத்தில் அவரோடு நான் நேரே கதைத்தது, "டஸ்டர் இருக்கோ மிஸ்?" மிச்சத்தை நாவல் சொல்லிவிடும் என்று இருந்துவிட்டேன்.

நீலக் குடை

அம்மப்பா, அம்மம்மா வாயால் கேட்ட கதைகளில் வளர்ந்தவன் நான். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல ஏலாது. சொல்லச் சொல்லக் கை கால் முளைக்கும். மாதிரிப் பரீட்சையில், நாயகியை முதன்முதல் கண்ட காட்சியை விளக்கச் சொன்னேன். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: மழை, நீலக் குடை, படியில் நின்று அதை உதறிய கை.

நாவலில் குடையே இல்லை. எல்லோருக்கும் புள்ளியை வெட்டினேன். ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து மாமி வீட்டில் நின்று படிக்கும் கோகிலா எழும்பினாள். படிக்கட்டு ஆணியில் தொங்கிய மிஸ்ஸின் நீலக் குடையை ஒருக்கால் பார்த்தாள். "புத்தகத்தில இல்லாட்டி, சேர் அந்தக் குடையை எங்க கண்டனீங்கள்?"

ஐஸ் ஏற்றாத மகன்

கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு வாப்பா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். என்னிடம் படிக்கும் மகன் ரிஸ்வான் நாவலை முடித்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். லொறிக்கு ஐஸ் ஏற்றக் கூப்பிட்டால், "எனக்கு இந்த உலகத்தோட ஒட்டுதில்ல வாப்பா" என்கிறானாம்.

காதலின் வலி, சமூகம் ஒதுக்கும்போது வரும் தனிமை என்று என்னால் ஆனமட்டும் விளக்கினேன். தட்டிக்கு அந்தப்பக்கம் புவியியல் நின்றுபோய்விட்டது. மிஸ் சிரிப்பை அடக்குவது இங்கே கேட்டது. வாப்பா மரியாதையாக முழுவதையும் கேட்டார். "அதெல்லாம் சரி சேர். அந்தப் புத்தகத்துல வேலைவெட்டிக்குப் போற ஒரு மனிசனாச்சும் இருக்கானா? இருந்தா அவர மட்டும் படிச்சிக் குடுங்க."

சொல்லாத இடம்

நாயகன் பெரிய மனிதர் கூட்டமொன்றுக்குப் போகிறான். எல்லோரும் முகத்தைத் திருப்ப, வீட்டுக்காரரே அவனை மெல்ல வெளியே அனுப்புகிறார். நான் கண்கலங்கினேன். வகுப்பு கலங்கவில்லை. எங்கள் பக்கம் கலியாணக் கார்ட்டை வட்ஸ்அப்பில் போட்டால் அது அழைப்பில் சேர்த்தியில்லை. ஆள் வந்து வாயால் சொல்லவேண்டும். கோகிலாவுக்கு அவன்மேல்தான் கோபம். "ஆரும் நேர வந்து சொல்லாத இடத்துக்கு அவர் என்னத்துக்குப் போனவர், சேர்?"

கார்ட்

போன கிழமை கடைசி அத்தியாயம். முடித்தவுடன் அந்தப்பக்கம் போவது, இந்தமுறை டஸ்டர் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். நான் திரும்ப, வாசலில் மிஸ். ஒரு கையில் நீலக் குடை, மறு கையில் மூலையில் மஞ்சள் தடவிய கார்ட்.

"நேர வந்து சொல்லவேணும் எண்டு உங்கட பிள்ளையள் சொன்னது அங்கால கேட்டது சேர். அதுதான் வந்தனான். வெருகல் கோயில்லதான் தாலிகட்டு. கட்டாயம் வரவேணும்."

வாழ்த்துச் சொன்னேன். என் பழைய குரல் திரும்பியிருந்தது, கேட்டதோ தெரியாது. இரண்டு படி இறங்கியவர் நின்று, குடையின் நுனியைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு வருசமாக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். ஒண்டு மட்டும் விளங்கேல்ல சேர். அவர் ஏன் எல்லாக் கடிதத்தையும் சிநேகிதனுக்கே எழுதினவர்? அவளுக்கு ஒண்டு போட்டிருக்கலாமே."

இந்தக் கேள்வி சோதனையில் வந்தால் முழுப் புள்ளி எடுக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆனால் பாருங்கள், அதற்கான விடையையும் இப்போது சிநேகிதர்களாகிய உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.