குரங்கு விளையாட்டில் ஜெயித்தவள்

புரோகிராமர் ஜோக் என்றாலே எனக்குக் குமட்டும். காரணம் எங்கள் டீம் லீட். "அது பக் இல்ல, ஃபீச்சர்", அதாவது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த வசதி, என்கிற ஊசிப்போன ஜோக்கை வாரம் தவறாமல் மீட்டிங்கில் எடுத்து வைப்பார். நாங்களும் பல்லைக் காட்டிவைப்போம்.

சாரல் சீசனில் சென்னையிலிருந்து டீம் மொத்தமும் குற்றாலம் வந்தது. நான் தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அப்பாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு ஐந்தருவியில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அடுத்த மாதம் முதல் எல்லோரும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், வீட்டில் வேறு ஆள் இல்லை, எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று லீடிடம் கேட்டிருந்தேன். பதிலே இல்லை.

உடம்பெல்லாம் மசாஜ் எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு வேன் பக்கம் வந்தார் மனிதர். எண்ணெய் ஊறும்வரை பொழுது போக வேண்டுமாம்.

"நான் ஒரு கேம் எழுதியிருக்கேன். குரங்குங்க கையில சிக்காம ஒரு சிப்ஸ் பாக்கெட்ட அருவி வரைக்கும் கொண்டு போகணும். அதுக்குக் கம்மி வரியில புரோகிராம் எழுதறவங்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்!" என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

மற்றவர்கள் பாதியில் விட்டுவிட்டுக் குளிக்க ஓடினார்கள். நான் குளிக்கவில்லை. வேனுக்குள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன குரங்குகளோடு மல்லுக்கட்டினேன். எந்த வழியாகப் போனாலும் பிடுங்கின. அப்புறம்தான் பிடிபட்டது: விலகி ஓடக் கூடாது, குரங்குக்குப் பின்னாலேயே நடந்தால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. நாலைந்து வரியில் வேலை முடிந்தது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நான் சென்னைக்குப் போவ வேண்டாம். இங்கனதான் இருப்பேன்."

"நெசமாவாட்டி?" என்றார், குழறிக்கொண்டு. அழுகிறார் என்று தெரிந்தது.

லீட் வந்து எண்ணெய் விரலால் என் கீபோர்டைத் தட்டி ஓட்டிப் பார்த்தார். சிப்ஸ் பாக்கெட் அருவிக்குப் போய்ச் சேர்ந்தது. "செம!" என்று கை தட்டினார்.

"அப்ப நான் வீட்லயிருந்தே பாக்கலாமா சார்?"

"ஐயோ, சும்மா ஜாலிக்குச் சொன்னதும்மா. அதெல்லாம் ஹெச்ஆர் முடிவு."

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே சார்."

"அது பக் இல்லம்மா, ஃபீச்சர்!"

ஈரத்தலையோடு திரும்பியிருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த எண்ணெய் மினுக்கிய முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கீபோர்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எண்ணெய் வாடை அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார். "எம் மவ ஜெயிச்சிட்டா" என்று என்னிடமே இன்னொரு முறை சொல்லிக் கோணிய வாயால் சிரித்தார்.

போன் சிணுங்கியது. ஆபீஸ் குரூப்பில் லீட் ஒரு படம் போட்டிருந்தார். கிரீடம் வைத்த குரங்கு. அதன் முகம் இருக்கிற இடத்தில் என் முகம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒன்றைப் போட்டேன். என்னைக் கண்டே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"யாருட்டி, ஆபீஸா? என்ன சொல்லுதாவ?" என்றார் அப்பா.

"வாழ்த்து சொல்லுதாவப்பா."