முதல் சொம்பு கூழ்

பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்தில் ரத்தினம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் ரிச்மண்ட் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்குச் சமைத்தாள். மிஞ்சியது முழங்கால் வலியும் எவனுக்கும் பயப்படாத இங்கிலீஷும். புருஷன் கணேசமூர்த்தி வீட்டில்தான் இருக்கிறார். டிவி ஓடினால் முழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அண்டா அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் கிண்டுகிறாள். படைத்து முடித்ததும் முதல் சொம்பு கமிட்டித் தலைவர் இராஜமாணிக்கத்துக்கு. கிண்டியவளுக்கு அடியில் ஒட்டியது. போன வருஷம் அதுவும் இல்லை. இந்த வருஷம் அந்த ஆள் கைக்கு முதல் சொம்பு போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். வழிதான் தெரியவில்லை.

வழி எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தது. பெயர் சொசெஃபோ, பிரெஞ்சுக் கம்பெனி அனுப்பிய இன்ஜினியர். பசிபிக் கடலில் உவேயா என்ற தீவு அவன் ஊர். எங்கள் வீட்டு வாசலெல்லாம் அவனுக்குக் குனிந்து நுழைகிற உயரம்தான். அவன் ஊரில் பிரெஞ்சு ஆட்சி, ஆனாலும் ராஜா உண்டு. ஒருநாள் மாடிப்படியில் ரத்தினம்மாளின் இங்கிலீஷ் விசாரணை நடந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ராஜாவுக்கு மேல பிரெஞ்சுக்காரன் இருக்கான்ல? அப்புறம் ராஜாவுக்கு என்னப்பா வேலை?"

"கௌரவம், ஆன்ட்டி. பிரான்ஸ்தான் அவருக்குப் பணம் குடுக்குது."

"பென்ஷனா! எங்க வீட்டு ராஜாவுக்கும் அதான். சரி, ராஜா யாருன்னு எவன் சொல்றான்?"

"பெரிய குடும்பங்க சேர்ந்து. கவான்னு ஒரு வேரைக் கரைச்சுக் குடிப்போம். யாருக்கு எப்போ கோப்பைன்னு வரிசை இருக்கு. அந்தக் கவா வச்சுத்தான் ராஜாவாக்குவாங்க. பிடிக்கலைன்னா இறக்கிடுவாங்க."

"பிரெஞ்சுக்காரன் சும்மா இருப்பானா?"

"அவர் கையெழுத்துப் போடலாம். கோப்பையைக் கையில குடுக்க முடியாது."

ரத்தினம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "விருந்தாளிக்கு மொதல்ல குடுத்தா எவன் கேப்பான்?"

கூழ் ஊற்றும் நாள் வந்தது. இராஜமாணிக்கம் சால்வை போர்த்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொம்பைத் தூக்கி, அந்தக் கையைத் தாண்டிப் போய் சொசெஃபோவிடம் நீட்டினாள்.

பையன் பாம்பைக் கண்டதுபோல இரண்டடி பின்னால் போனான். கூழ் குடிக்கிறவனுக்குப் பசி ஆறும். இவனுக்கோ முதல் கோப்பை என்றால் பட்டாபிஷேகம். அதை இந்த மகராசி யோசிக்கவே இல்லை.

"வேணாம் ஆன்ட்டி! பெரியவங்க இருக்காங்க. நான் வாங்கினேன்னு தெரிஞ்சா எங்க அப்பா கொன்னுடுவாரு."

"அவனே வேணாங்கறான்ல," என்றார் இராஜமாணிக்கம். "இங்க குடும்மா. சும்னே லேட் பண்ணாதே."

சொம்பு அவர் பக்கம் திரும்பிவிட்டது. நடுவில் சொசெஃபோ புகுந்து, வரிசையில் நின்ற பொம்பளைகளைப் பார்த்துத் தெரிந்த தமிழில் கேட்டான்: "மொதல் கோப்பை யாருக்கு? நீங்க சொல்லுங்க."

அவன் ஊர் வழக்கப்படி மரியாதையாகத்தான் கேட்டான். எங்களை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"கிண்டினவளுக்குக் குடுப்பா, எவ்ளோ நேரம் நிக்கறது!" என்று கத்தினேன். பின்னால் இருந்த நாற்பது தொண்டையும் அதையே கத்தியது.

"கமிட்டி தீர்மானம்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தார் இராஜமாணிக்கம்.

"அந்தத் தீர்மானத்தையே கரைச்சுக் குடிங்க," என்றாள் ஒருத்தி.

சொசெஃபோ சொம்பை வாங்கி, அவ்வளவு பெரிய உடம்போடு ரோட்டில் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் ரத்தினம்மாளிடம் நீட்டினான். அவள் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"உப்பு கம்மி," என்றாள். "அண்ணே, வரிசையில வாங்க."

இராஜமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்து வரிசையின் வாலைத் தேடினார். அது ரேஷன் கடையைத் தாண்டியிருந்தது.