அறுபத்தாறு ஆணியும் ஒரு செற்றியும்

அன்று துறைமுகத்தடிப் பட்டறையில் இருந்தவர்கள்: நான், தச்சுவேலை அந்தோனி, அக்கரைக் கிண்ணியாவிலிருந்து வந்த சலீம் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆட்கள் மூன்று, செற்றி ஒன்று. குஷன் அடிக்கிறவனுடைய வாய் ஆணி வைக்கிற இடம், கதைக்கிற இடமில்லை. கூச்சக்காரனான எனக்கு இந்தத் தொழில் பொருந்திப் போனது அதனால்தான். சண்டைக்காலத்தில் ஒரு சாமானைத் திருத்தியவர்களுக்கும், திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

செற்றி, அதாவது மெத்தை வைத்த நீளச் சாய்மான இருக்கை, ஐம்பதுகளில் செய்தது. மெலிந்த தேக்குக் கால்கள், ஒடுங்கிய கைச்சட்டம். இருக்கையை முன்னுக்கு இழுத்தால் சாய்மானம் படுத்துக் கட்டிலாகிவிடும். சலீம் நானாவின் மனைவி சுபைதா கிணற்றடியில் விழுந்து, இடுப்பு முறிந்து, ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். நிலத்தில் படுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீடோ ஒற்றை அறை. கட்டிலும் கதிரையும் சேர்த்துப் போட இடமில்லை. எனக்கு ஆறு நாள் இருந்தது.

ஆறு குறைவு

துணியை உரித்து எண்ணினேன். நாற்பத்தெட்டு ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. மிச்ச இடத்தில் தும்பு அடைத்திருந்தது. எனக்கு முன் கைவைத்தவர் எண்ணத் தெரியாதவர், அல்லது மிக நன்றாக எண்ணத் தெரிந்தவர்.

உடைந்து கிடந்த பஸ் ஒன்றின் சீற்றிலிருந்து ஆறு கழற்றினேன். அரை அங்குலம் உயரம் கூட. கயிற்றால் இழுத்துக் கட்டி, மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டும் ஒரே மட்டம். சலீம் நானா உள்ளங்கையால் அமத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மனுசி படுத்தா, தம்பலகாமத்து றோட்டில போற பஸ் மாதிரித் தூக்கி அடிக்காதே, அண்ணன்?”

நூல்

இருக்கை முழங்கால் உயரத்துக்குச் சரியாக இல்லாவிட்டால் அவவுக்கு எழும்ப ஏலாது. “உங்கட மனுசிக்கு முழங்கால் எவ்வளவு உயரம்?” என்று கேட்டேன். முப்பது வருசம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய் அளக்க எனக்குக் கூச்சம். ஒரு நூலைக் கொடுத்து, அளந்து முடிச்சுப் போட்டு வரச் சொன்னேன்.

முடிச்சு வந்தது. “செருப்போடயா, செருப்பில்லாமலா?” என்று கேட்டேன். நானா திரும்ப ஆஸ்பத்திரிக்கு நடந்தார். செருப்பில்லாமல் அளந்த இரண்டாவது முடிச்சு முக்கால் அங்குலம் கீழே விழுந்தது. இருக்கை அந்த உயரத்துக்கு வர, அந்தோனி நாலு காலையும் வெட்டினான். சுபைதா நூலோடு சொல்லியனுப்பிய கதை: “அடக்கப்போற மையத்துக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறீங்க. நான் இன்னும் மௌத்தாகல்ல எண்டு அந்த அண்ணனிட்டச் சொல்லுங்க!”

சாவடியில்

முன்னொரு தரம் சோதனைச் சாவடியில் நான் கொண்டுபோன கதிரையின் அடியை மூடியிருந்த துணியைக் கத்தியால் கிழித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அடித்துணியைத் தனியாகத்தான் கொண்டுபோவேன். உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டு அங்கேயே அடிப்பேன். இந்தச் செற்றியின் சட்டத்தில் ஆணிக்கென்று சோக்குக்கட்டியால் இட்ட புள்ளி அறுபத்துநாலு. கொண்டுபோன ஆணி அறுபத்தாறு. இரண்டு, வளைந்தால் மாற்ற.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லொறி துறைக்குப் போனபோது, வாகனங்களை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவை புறப்பட நின்றது. எங்கள் பக்கம் அதற்குப் பாதை என்று பெயர். அன்றைக்குக் கடைசிப் பாதை அதுதான். சுபைதா மத்தியானமே வீடு போய்ச் சேர்ந்துவிட்டா. இதை விட்டால் அவவுக்கு அன்று வெறும் நிலம். நேரத்தை மிச்சம் பிடிக்க இருபத்திரண்டு ஆணியை முன்கூட்டியே வாயில் போட்டிருந்தேன்.

ஆமிக்காரர் ஒருவர் வந்து, “உள்ள என்ன?” என்று கேட்டார். நான் பேசவில்லை. திரும்பக் கேட்டார். பேசவில்லை. துவக்கின் குழல் என் பக்கம் நிமிர்ந்தது. “அண்ணன், வாயத் திறங்க!” என்று நானா கத்தினார். திறந்தேன். ஆமிக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு செற்றியின் அடியையும் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “செற்றி சரி. ஐயா வாய்தான் பயம்!”

அக்கரை

பாதை ஆட ஆட அடித்துணியை அடித்தேன். ஒன்றும் வளையவில்லை. கடைசி ஆணி இறங்கவும் கரை தட்டவும் சரியாக இருந்தது. வீட்டில் செற்றியை வைத்து இருக்கையை இழுத்தேன். சாய்மானம் சத்தமில்லாமல் படுத்தது. சுபைதா அதில் உட்கார்ந்தா, காலை ஊன்றித் தானாக ஒருதரம் எழும்பினா, திரும்ப உட்கார்ந்து மெல்லச் சாய்ந்தா. பஸ் ஸ்பிரிங் ஆறும் மூச்சு விடவில்லை.

ஆணி டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். இரண்டு இருக்கவேண்டும். மூன்று இருந்தது. அவசரத்தில் ஏதோ ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். சுத்தியலோடு செற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயில் ஆணி இல்லை, இருந்தும் கதை வரவில்லை. கண்ணைத் திறக்காமலே அவ சொன்னா: “என்ன குறையெண்டாலும் இருக்கட்டும், அண்ணன். ஒரு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நோகாமப் படுத்திருக்கன், எழும்பச் சொல்லிராதீங்க.”

கணக்குப் பிழைத்தும் யாரும் குறை சொல்லாத என் ஒரே வேலை அதுதான். மிச்சம், இன்றுவரை என்னிடம், ஆணி மூன்று.