எலும்பைப் பார்த்தவள் வாய் திறக்கக்கூடாது

எக்ஸ்ரே எடுப்பவளின் தொழில், எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட்டு ஒன்றையும் பார்க்காதவள் மாதிரி நிற்பது. திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு தனியார் நிலையத்தில் பதினெட்டு வருடமாக இப்படித்தான் நிற்கிறேன். படம் எடுக்கலாம். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடாது. அது டொக்டரின் வேலை. நாரி நோவோடு இடுப்பைப் பிடித்தபடி கதிரையில் காத்திருந்து, "எப்படி மிஸ் இருக்கு?" என்று கேட்டு, "டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்ற ஒற்றைப் பதிலோடு வீட்டுக்குப் போனவர்கள் உங்களில் எத்தனை பேரோ. அந்தப் பதிலைச் சொல்கிறவளுக்கும் வயிறு எரிகிறது என்பதைத் தெரிவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தும்மல்

கிண்ணியாவிலிருந்து பரீதா என்றொரு அம்மா வந்தார். வயது ஐம்பத்தெட்டு. காலையில் தும்மியிருக்கிறார், விலாவில் ஏதோ முறிந்த மாதிரி இருந்ததாம். கூட வந்த கணவருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. "தும்மி எலும்பு முறிஞ்சதெண்டு ஊருல சொன்னா நம்மளத்தான் பார்த்துச் சிரிப்பாங்க" என்றார்.

படத்தில் விலா எலும்பு முறிந்துதான் இருந்தது. மற்ற எலும்புகளும் வெளிறிப்போய் நுளம்பு வலை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு உள்ளுக்குள்ளேயே இளைத்துப்போவது ஒரு நோய் என்றும், அதற்கு மருந்து இருக்கிறது என்றும் இந்த மனிதருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லக்கூடாது. படத்தை உறைக்குள் போட்டு, வழக்கம்போல அவர் கையில் கொடுத்தேன். எங்கள் நிலையத்தில் படம் எப்போதும் கூட வந்த ஆணின் கைக்குத்தான் போகும். யாரும் எழுதிவைத்த விதி இல்லை, எல்லோருக்கும் அப்படியே பழகிவிட்டது. கணவர் முன்னால் நடக்க, விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போன பரீதா என் பக்கம் திரும்பினார்.

"அவர் தும்மினா ஊரே எழும்பும் மகள், அதுக்கு ஒரு கேள்வியும் இல்ல. நான் தும்மினதுக்குத்தான் இவ்வளவு விசாரணை."

பொலிந்த முகம்

செல்வம் குச்சவெளியில் கடல்தொழில் செய்கிறவர். நாற்பது வயது. முழங்கால் நோவுக்கு ஏதோ ஒரு கடையில் டொக்டரின் துண்டு இல்லாமல் வீக்கக் குளிசை வாங்கி, இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்டீரொயிட். "நல்ல சாமான் மிஸ். எல்லாரும் முகம் பொலிஞ்சிருக்கு எண்டு சொல்லினம்" என்றார். முகம் வீங்கியிருந்தது, அதைத்தான் ஊர் பொலிவு என்று சொல்லியிருக்கிறது. அந்தக் குளிசையை அப்படி அள்ளிக் கொடுத்த கடைக்காரனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை துடிக்கிறது.

இப்போது நோ இடுப்புக்கும் ஏறியிருந்தது. இடுப்பைப் படம் எடுத்தபோது, அந்தக் குளிசையால் தொடை எலும்பின் தலை இரத்த ஓட்டம் இல்லாமல் செத்து அமிழத் தொடங்கியிருந்தது. "எப்படி மிஸ்?" என்று கேட்டார். "டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றேன். பாரதூரமாக ஏதும் இருந்தால் மிஸ்ஸின் முகத்திலேயே தெரிந்திருக்கும் என்று நினைத்து, மனிதர் படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். ஏழு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்தபோது அந்தத் தலை முழுக்க நொறுங்கியிருந்தது. அன்று எனக்குக் கடைக்காரன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது. செல்வம் சத்தம்கூடப் போடவில்லை.

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்?"

செவ்வாய்க்கிழமை அமத்துவினமாம்

அடுத்த மாதம் கிளிவெட்டியிலிருந்து யோகராணி வந்தாள். முப்பத்தி நாலு வயது. வயல் வேலை செய்கிறவள். ஆறு மாதமாக முதுகு நோ, பின்னேரத்தில் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. வீட்டில் எண்ணெய் பூசி உருவியிருக்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது, அது கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. கால் விறைக்கத் தொடங்கிவிட்டதென்று எனக்கு அப்போதே விளங்கியது.

படத்தில் முள்ளந்தண்டின் இரண்டு எலும்புகள் அரிக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டி இடிந்திருந்தன. காசநோயாக இருக்கும் என்று நினைத்தேன். இருமல் இல்லாமலே அது எலும்புக்குள் வரும். குளிசைக்கு மாறிச் சுகமாகும், குளிசையும் இலவசம். ஆனால் நாள் கடத்தினால் இரண்டு காலும் போய்விடும். படம் எடுக்கத் துண்டு கொடுத்த டொக்டருக்கு உடனே போன் எடுத்தேன், பதில் இல்லை. வெளியே அவளுடைய கணவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். "படத்தைத் தாங்கோ மிஸ். செவ்வாய்க்கிழமை முறிவு வைத்தியரிட்டக் கொண்டுபோறன். எலும்பு விலகியிருந்தா அமத்திச் சரியாக்கிறன் எண்டவர்."

அந்த முதுகை அமத்துவதா? எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. படத்தை யோகராணியின் கையில் வைத்தேன். "தங்கச்சி, இது பிடிப்பில்லை. நோய் வருத்தம் எலும்பை அரிக்குது. ஒருத்தரையும் முதுகைத் தொட விடாதேங்கோ. இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, இல்லாட்டி நடக்க ஏலாமப் போகும்" என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்திருக்கிறேன். கணவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்கள் படம் எடுக்கிற ஆள்தானே?"

எங்கே மனுசி?

அவன் என்னை விட்டுவிட்டு முதலாளியின் அறைக்குள் போனான். மனுசியைப் பயப்படுத்திப்போட்டாள், இவளுக்கு என்ன படிப்பு, இவள் யார் வருத்தம் சொல்ல என்று கால் மணித்தியாலம் கத்தினான். ஆறு மாதமாக அவள் முனகியபோது எழும்பாத சத்தம் அது. கத்தி முடித்து வெளியே வந்தால் கதிரை வெறுமையாக இருந்தது. யோகராணி மெல்ல எழும்பி, படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவள் எங்கே போனாள் என்று நான் சொன்னதும் இவனும் பின்னால் ஓடினான்.

பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரும் டொக்டர்தான். கணினியில் இருந்த யோகராணியின் படத்தைத் திரையில் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதவேண்டிவரும் என்றார். நான் சொன்னதில் என்ன பிழை சேர் என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னது சரி மிஸ். சொன்னதுதான் பிழை."

அவளே வந்தாள்

ஒரு வருடம் கழித்து யோகராணி திரும்பப் படம் எடுக்க வந்தாள். சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தாள். காசநோய்தான். குளிசை முழுவதையும் ஒழுங்காகக் குடித்து முடித்திருக்கிறாள். முதுகு கொஞ்சம் கூனியிருக்கிறது, அது நிமிராது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்தக் கூனும் இருந்திராது என்பதை நினைக்க எனக்குத் திரும்பவும் கோபம்தான் வந்தது. தான்தான் மனுசியைத் தக்க நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கணவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னதை நம்பி அன்றைக்கு ஓட்டோவில் ஏறினாயே, பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நீங்கள் சொன்னதை அவர் ஒரு மாதிரிக் கதைச்சு மறக்கப்பண்ணியிருப்பார் மிஸ். படம் என்ர கையில இருந்தது, அதாலதான் போனனான்."

எச்சரிக்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல், யாருடைய எலும்போ அவருடைய கையிலேயே படத்தைக் கொடுத்துவிடுகிறேன்.